பட்டியலில் ஏழாவது பெயர்

ம்சூசு
4 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி மசோசிக்கு,

உன் வீடியோவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரூத் தன் போனில் காட்டினாள். "வேலை தேடுவோருக்கு ஐந்து அறிவுரைகள்." கறுப்புக் கோட்டு, தலையில் புதுப் பின்னல், பின்னால் கண்ணாடி ஜன்னல். நன்றாகத்தான் இருந்தாய், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். கீழே எழுத்தில் பெயர் ஓடியது: டெம்வானானி ம்கண்டவிரே, ஆள் தேர்வு அதிகாரி, ப்ளான்டயர்.

ரூத் என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்க பேர்லயே ஒரு மேடம் இருக்காங்க பாருங்க. முகங்கூட லேசா உங்க ஜாடைதான்."

"ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல" என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். மூன்றாவது அறிவுரை மட்டும் காதில் விழுந்தது. சான்றிதழில் பொய் இருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொள்வீர்கள், நேர்மைதான் முதல் தகுதி என்றாய். கையில் இருந்த பானையைக் கீழே போட்டிருப்பேன். சிரிப்புத்தான் வந்தது, கோபமில்லை. இன்னும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஜோனிக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் அங்கிருந்து வந்த ஒருவன் சொன்னான். வேறு குடும்பம் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மகள் வெசி செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். எனக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும்.

சர்ச் நடத்தும் தொழிற்கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்து சரக்குக் கிடங்கு நிர்வாகம் இரண்டு வருஷம் படித்து முடித்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிட்டால் அசிங்கம் என்று. அன்று முதல் இன்டர்நெட் கடையே கதி. எல்லா விளம்பரத்திலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. முப்பத்தொரு விண்ணப்பம் போட்டேன். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது, அதுவும் கம்ப்யூட்டர் தானாக அனுப்பியதாம்.

இப்போது ஒன்று வந்திருக்கிறது. "நற்பெயர் பெற்ற நிறுவனம்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், பெயர் இல்லை. ம்சூசுவில் புதிதாகத் திறக்கும் கிடங்குக்குப் பொறுப்பாளர். அனுபவம் கேட்கவில்லை! ஆனால் வயது முப்பத்தைந்துக்கு மேல் கூடாது. ஜூன் பதினான்காம் தேதி எனக்கு முப்பத்தாறு. அதற்குப் பிறகு எந்த விளம்பரமும் எனக்கில்லை. நேர்முகத்துக்கு அசல் சான்றிதழ் கொண்டுவர வேண்டும்.

என் பள்ளி இறுதிச் சான்றிதழ் உன்னிடம் இருக்கிறது. பதின்மூன்று வருஷமாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் கொடு, திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

போனில் எழுதாதே, எரிக்கக்கூடிய தாளில் எழுது என்று சொன்னவள் நீதானே. அதனால்தான் பஸ் டிரைவர் சிம்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனுஷன், பிரித்துப் படிக்கமாட்டார்.

உன் அக்கா
டெம்வா


ப்ளான்டயர்
11 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா? வெசி வளர்ந்திருப்பாள். என் மகள் யான்கோவுக்கு ஒன்பது முடிந்துவிட்டது, அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

நீ படித்து முடித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அக்கா, முப்பத்தொரு விண்ணப்பம் என்கிறாய். எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பாய், எனக்குத் தெரியும். எல்லாரும் செய்கிற தப்பு அது. ஒரு வேலைக்கு நானூறு வரும், ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு அரை நிமிஷம்கூடக் கிடையாது. முதல் நான்கு வரியில் என்ன செய்யத் தெரியும் என்பது இருக்க வேண்டும். சர்ச், குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் எடுத்துவிடு. நற்சான்று தருகிற மூன்று பேரில் ஒருவர் மட்டும் பாஸ்டராக இருக்கட்டும். மூன்றும் பாஸ்டராக இருந்தால் ஆள் எங்கேயும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சான்றிதழ் விஷயம். அசல் என்னிடம் இல்லை, அலுவலகப் பெட்டகத்தில் இருக்கிறது. எல்லா ஊழியர்களுடையதும் அங்கேதான். புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்கள், அதில் எல்லாருடைய தேர்வு எண்ணையும் ஏற்றி, பரீட்சை வாரியத்தோடு சரிபார்க்கிறார்கள். இந்த நேரத்தில் நான் போய் அதை வெளியே எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அந்த விளம்பரத்துக்குப் போடாதே. ஏற்கெனவே ஆளை முடிவு செய்துவிட்டுச் சும்மா கண்துடைப்புக்குப் போட்ட விளம்பரம் என்று கேள்விப்பட்டேன். இந்தத் தொழிலில் இருக்கிறேன், காதில் விழும். வேறு ஏதாவது பார்க்கலாம். எனக்கு இரண்டு மாதம் கொடு.

லிம்பே சந்தையில் ஒரு நீலத் துணி பார்த்தேன், வெள்ளைக் கொக்கு போட்டது. உனக்குப் பிடிக்கும் என்று வாங்கி சிம்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.

படித்ததும் எரித்துவிடு.

ம.


ம்சூசு
24 மார்ச் 2024

மசோசி,

துணி வந்தது. நல்ல துணி. சான்றிதழ் கேட்டால் துணி வருகிறது. மருந்து கேட்டவளுக்கு மல்லிகைப்பூ.

எரித்துவிடு என்கிறாய். உன் பெயரைக்கூட முழுதாக எழுதாமல் ஒற்றை எழுத்தோடு நிறுத்தியிருக்கிறாய். உன் பெயரை நீ கடைசியாக எப்போது எழுதினாய்? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. என் சேலை என்பதால் சொல்கிறேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீ இங்கிலீஷில் தோற்றாய். இங்கிலீஷில் தோற்றால் முழுப் பரீட்சையும் தோல்வி என்று வைத்திருந்தார்கள். கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவளுக்கு ஒரு துண்டுச் சான்றிதழ்கூடக் கிடையாது. அடுத்த வருஷமும் எழுதினாய், மறுபடியும் அதே. மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அப்போது என் வயிற்றில் வெசி. நான்தான் பாய்க்குக் கீழேயிருந்து உறையை எடுத்தேன். "இது சும்மாதான்டி கெடக்கு. எனக்குப் புள்ள பெத்து வளக்கவே நேரம் சரியா இருக்கும். நீ எடுத்துட்டுப் போ. வேல கெடச்சதும் உன் பேர்ல பரீட்ச எழுதிப் பாஸ் பண்ணிட்டு, என்னத எனக்குத் திருப்பிக் குடுத்துடு." நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஒரு வருஷம் என்றாய்.

ஒரு வருஷம் பதின்மூன்றாயிற்று. உன் கல்யாணப் பத்திரத்தில் என் பெயர். அடையாள அட்டையில் என் பிறந்தநாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா போனபோதுகூடக் கேட்கவில்லை. உன் ஆபீஸ் ஆட்கள் கம்பெனி வண்டியில் துக்கத்துக்கு வந்து இறங்கினார்கள். மாலை வைக்க ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "மூத்த மகள் டெம்வானானி" என்று கூப்பிட்டதும் நான் ஓரடி எடுத்து வைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான், நான் நின்றுவிட்டேன். நீ போய் முதல் மாலையை வைத்தாய். அடுத்து "இளைய மகள் மசோசி" என்றார்கள், நான் போனேன். பெரியப்பா வாயைத் திறக்கப் போனார், அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அம்மாவை வழியனுப்பக்கூட என் பெயரில் நான் போகவில்லையடி.

அதையெல்லாம் நான் இப்போது கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை வேண்டும், என் சொந்தப் பெயரில். அதுமட்டும்தான்.

நீ தரமாட்டாய் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதே தலைமையாசிரியர் இன்னும் இருக்கிறார். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, என் தேர்வு எண்ணைப் பார்த்து, இவள் எங்கள் மாணவிதான் என்று எழுதி முத்திரை போட்டு நகல் கொடுத்தார். விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் அறிவுரைப்படி முதல் நான்கு வரியில் எனக்கு என்ன தெரியும் என்று எழுதினேன், ஒரே ஒரு பாஸ்டர்தான்.

நேற்று போன் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! ஏப்ரல் பன்னிரண்டு, ம்சூசு ஏரிச்சாலை விடுதியில். எட்டுப் பேரில் நானும் ஒருத்தி.

நீ கேள்விப்பட்டது பொய்யாக இருக்கும். பயப்படாதே, உன்னைப்பற்றி நான் எங்கேயும் பேசமாட்டேன். உன் வேலை உனக்கு, என் வேலை எனக்கு. நாட்டில் இரண்டு டெம்வானானி இருக்கக் கூடாதா என்ன?

அந்த நீலத் துணியில் ரவிக்கையும் பாவாடையும் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அன்று அதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன்.

அக்கா


ப்ளான்டயர்
2 ஏப்ரல் 2024

அக்கா,

உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

அந்த விளம்பரத்தை எழுதியவள் நான். அந்த நற்பெயர் பெற்ற நிறுவனம் எங்கள் கம்பெனி. அனுபவம் தேவையில்லை என்று போட்டதும் நான்தான். அனுபவம் கேட்டுக் கேட்டு நல்ல ஆட்களை இழக்கிறோம் என்று மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கினேன். வயது வரம்பையும் எடுக்கச் சொன்னேன், அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் உனக்குப் பொய் எழுதினேன். போட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

நான் யான்கோவின் காய்ச்சலுக்காக நான்கு நாள் விடுப்பில் இருந்தபோது மேலாளர் கோண்ட்வேயே பட்டியலைத் தயாரித்துவிட்டார். திரும்பி வந்தபோது தாள் என் மேஜையில் இருந்தது. ஏழாவது பெயர் என் பெயர். உன் பெயர்.

கோண்ட்வே சிரித்துக்கொண்டே வந்தார். "மேடம், உங்க பேர்லயே ஒரு அம்மா! இதுவரைக்கும் வந்ததுலயே பிரமாதமான விண்ணப்பம் இதுதான். பேரு ராசி போல."

நானும் சிரித்தேன். வடக்கே அந்தப் பெயர் நிறைய என்றேன். அவர் இன்னும் தேர்வு எண்ணைப் பார்க்கவில்லை. நேர்முகத்தன்று எல்லாருடைய எண்ணையும் மென்பொருளில் ஏற்றுவார்கள். அன்றைக்கு அது கத்திவிடும்.

அக்கா, வராதே. காலில் விழுந்து கேட்கிறேன். உடம்பு சரியில்லை என்று ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.

என் வீட்டுக்காரர் லிம்பானிக்குத் தெரியாது. பத்து வருஷமாக என்னை டெம்வா என்று கூப்பிடுகிறவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? இந்த வீடு கம்பெனி வீடு, யான்கோவின் பள்ளி கம்பெனி தருவது. என் பெயரில் பரீட்சை எழுதாமலும் இல்லை. இரண்டு தடவை பணம் கட்டினேன். ஒரு தடவை பரீட்சை அறை வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்ற கண்காணிப்பாளர் எங்களிடம் வேலை கேட்டு வந்துபோன ஆள். "மேடம், நீங்க எங்க இங்க?" என்றார். உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கொண்டுவிட வந்தேன் என்று ஏதோ உளறிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உனக்கு ஒரு வழி செய்கிறேன். அதே கிடங்கில் துப்புரவு வேலைக்கு இரண்டு பேர் எடுக்கிறோம். அதற்குச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள், வயதும் பார்க்கமாட்டார்கள். மசோசி என்ற பெயரில் உன்னைச் சேர்த்துவிடுகிறேன். பிறகு மெல்ல மெல்ல மேலே கொண்டுவரலாம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மசோசி


ம்சூசு, ஏரிச்சாலை விடுதி
12 ஏப்ரல் 2024

அக்கா,

உன் வீடு இங்கிருந்து நடக்கிற தூரம். மூன்று தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாளைக் காலை கம்பெனி வண்டியிலேயே இவர்களோடு ப்ளான்டயர் போகவேண்டும். இதை வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்து உனக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ ஏன் வந்தாய்? வராதே என்று எழுதினேனே. அந்த நீலத் துணியில் கதவைத் திறந்துகொண்டு நீ உள்ளே வந்தபோது கையில் இருந்த பட்டியலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நான் என்ன சொன்னேன் என்பதை என்னால் இந்தத் தாளில் எழுத முடியவில்லை. நீ ஏன் அப்படிச் சொன்னாய்? நீ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே. நான் காத்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

மசோசி


ம்சூசு
28 ஏப்ரல் 2024

மசோசி,

எழுத முடியவில்லை என்றாய். சரி, நான் எழுதுகிறேன். யாராவது ஒருத்தி எழுதத்தானே வேண்டும்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர். ஒருவன் உன் வீடியோவை வைத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். "உங்க பலவீனம் என்னன்னு கேட்டா என்ன சொல்லணும்னு மேடம் அழகா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று எனக்கும் காட்டினான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ வராதே என்று எழுதிய கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது.

ஏன் வந்தேன் என்கிறாய். ஜூன் பதினான்குக்கு முன்னால் எனக்கு வேறு தேதி இல்லை. இன்னொன்றும் உண்டு. தாளில் எழுதும்போது நீ அதிகாரி. நேரில் என்னைப் பார்த்துவிட்டால் உன் வாய் தானாக அக்கா என்று சொல்லிவிடும் என்று நம்பினேன். பைத்தியக்காரி நான்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று, இல்லையா? பழைய சரக்கு முன்னால் போகவேண்டும், புதுச் சரக்கு பின்னால் நிற்கவேண்டும் என்று சொன்னேன். எலி, ஈரம், திருட்டு என்று கிடங்கின் மூன்று எதிரிகளைப் பற்றிச் சொன்னேன். கோண்ட்வே தலையாட்டிக்கொண்டே இருந்தார். உன்னைப் பார்த்து, "இவங்கதான் மேடம், இனி யாரும் வேண்டாம்" என்றுகூடச் சொன்னார். அரை நிமிஷம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த அரை நிமிஷத்தை யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அப்புறம் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. என் நகலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், உங்க தேர்வு எண்ணைச் சொல்லுங்க." நீ ஒப்பித்தாய், தடங்கலே இல்லாமல். எனக்கே இரண்டு இடத்தில் தடுமாறும்.

"ரெண்டு டெம்வானானி, ஒரே எண்ணு. ஒருத்தர் பொய் சொல்றீங்க. மேடம், இந்தப் பொம்பளைய உங்களுக்குத் தெரியுமா?"

நீ கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்தாய். சின்ன வயதில் அப்பா பெல்ட்டை எடுத்தால் அப்படித்தான் பிடிப்பாய், நான் முன்னால் வந்து நிற்பேன்.

"தெரியாது சார்" என்றாய்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. சொந்தக்காரங்க யாராச்சும்?"

"இல்ல சார். இவங்களை நான் பாத்ததே இல்ல."

முதல் தடவை பயத்தில் சொன்னாய், அதைப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலை வேண்டியிருக்கவில்லை. "மன்னிச்சிடுங்க ஐயா, அது அவங்களோட சர்டிபிகேட்தான். நான்தான் எடுத்தேன்" என்றேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறாய். அந்த முஷ்டிக்காகச் சொன்னேன். கால் தானாகவே முன்னால் வந்து நின்றுவிட்டது.

அவர் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து போனில் படம் எடுத்தார். நீ ஜன்னலைப் பார்த்தாய். மறுநாளே அந்தப் படம் ரூத்தின் போனுக்கு வந்துவிட்டது. நாட்டில் ஆள் எடுக்கிற எல்லா அதிகாரிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள், அங்கிருந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. "எச்சரிக்கை. திருட்டுச் சான்றிதழ். இந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்காதீர்கள்." நீலத் துணி நன்றாக விழுந்திருக்கிறது. தலைமையாசிரியரையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம், அந்த நல்ல மனுஷனுக்கு ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருக்கிறது.

வெசி அந்தப் படத்தைப் பள்ளியில் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, நீ திருடினியா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பாளே.

இனி எழுதாதே.

டெம்வானானி


ப்ளான்டயர்
16 ஜூன் 2024

அக்கா,

எழுதாதே என்றாய். இது கடைசி.

முந்தாநாள் உன் பிறந்தநாள். ஆபீஸில் எனக்குக் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் வைப்பார்கள். "ஹாப்பி பர்த்டே டெம்வா" என்று சர்க்கரையில் எழுதியிருந்தது. கத்தியைக் கையில் கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை, அக்கா. எல்லாரும் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நான் கத்தியை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "இது எங்க அக்காவோட பொறந்தநாள். அன்னிக்கு நீலத் துணியில வந்தாங்களே, அவங்கதான் டெம்வானானி. திருடி நான்."

யாரோ சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. கோண்ட்வே சிரிக்கவில்லை.

அன்றே வெளியேற்றிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரை நேரம். போலீஸுக்குப் போகவில்லை, கம்பெனி மானம் போகும் என்று. நான் தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான ஆட்களின் கோப்பையெல்லாம் இப்போது மறுபடி பிரித்துப் பார்க்கிறார்களாம்.

உன் படத்தை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். திருத்தி இன்னொரு செய்தி போடுங்கள், அவள்தான் அசல் என்று எழுதுங்கள் என்றேன். கோண்ட்வே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அசலா? சர்டிபிகேட்டத் தூக்கி இன்னொருத்திகிட்ட குடுத்தவ அசலா? நேர்முகத்துல உக்காந்து என்கிட்டப் பொய் சொன்னவ அசலா? நீங்க ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க." அன்று மாலையே இன்னொரு எச்சரிக்கை போட்டார். இப்போது நம் இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு நாம் சேர்ந்து எடுத்த படம் எதுவும் இல்லை, இதுதான்.

ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் உன் பெயராவது மிஞ்சியிருக்கும். இரண்டு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

லிம்பானி கத்தவில்லை, அடிக்கவில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை என்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் யான்கோவிடம் சொல்லி அனுப்புகிறார். யான்கோதான் மசோசி, மசோசி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள்.

இங்கே சிபெரோனி மலைக்காற்று கொண்டுவரும் தூறல் விடாமல் பெய்கிறது. ஆபீஸ் பெட்டகத்திலிருந்து திருப்பிக் கொடுத்த சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் சுற்றி சிம்பாவிடம் கொடுத்திருக்கிறேன், நனையாது. பதின்மூன்று வருஷமாக ஒரு மடிப்புக்கூட விழாமல் வைத்திருந்தேன். அதை மட்டும்தான் நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன்.

நான் ம்சூசு வரட்டுமா, அக்கா? உன் வீட்டு ஓரத்தில் எங்கேயாவது இருந்துகொள்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தங்கை
மசோசி ம்கண்டவிரே


ம்சூசு
30 ஜூன் 2024

மசோசிக்கு,

சான்றிதழ் வந்து சேர்ந்தது. நனையவில்லை. ஒரு மடிப்பும் இல்லை, நீ சொன்னது சரிதான். நான் வைத்திருந்தால் இந்நேரம் கரையான் தின்றிருக்கும். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். முப்பத்தாறு வயதுக்காரிக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடியும் பாய்க்குக் கீழேயே வைத்துவிட்டேன்.

நீ கடைசியில் வாயைத் திறந்தாய் என்று வெசிக்குச் சொன்னேன். உன் கடிதத்தையே படிக்கக் கொடுத்தேன். அழுதாள். பிறகு பள்ளியில் போய், எங்கள் அம்மா திருடவில்லை என்று ஒருத்தியை அடித்துவிட்டு வந்து நிற்கிறாள். இந்த ஒன்றுக்காக உனக்கு நன்றி சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. புகையிலை ஏல மண்டியில் தினக்கூலி. தரையில் சிந்துகிற இலையைக் கூட்டி அள்ளவேண்டும். மூக்கு எரிகிறது, இருமல் விடுவதில்லை, ஆனால் வேலை வேலைதான். சான்றிதழ் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. பெயர் மட்டும் கேட்டார்கள். என் பெயர்தான் ஊருக்கே தெரியுமே, படத்தோடு. எழுதுகிற ஆள் பேனாவோடு காத்திருந்தான், பின்னால் வரிசை நிற்கிறது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். மசோசி என்று சொன்னேன்.

துப்புரவு வேலை, மசோசி என்ற பெயரில். நீ எனக்குச் செய்து தருகிறேன் என்றதை நானே செய்துகொண்டேன் பார். உன் சிபாரிசு தேவைப்படவில்லை.

அந்தப் பெயர் உனக்கு இப்போது தேவைப்படும். வேண்டும்போது சொல், விட்டுவிடுகிறேன். என்னால் பதின்மூன்று வருஷமெல்லாம் வைத்திருக்க முடியாது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. பார்த்ததே இல்லை என்று சொன்ன முகத்தை மறுபடி பார்க்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. எப்போது வரும் என்று கேட்காதே. யான்கோவை மட்டும் விடுமுறைக்கு அனுப்பு, வெசியோடு இருக்கட்டும். சிம்பா பத்திரமாகக் கொண்டுவந்து விடுவார். அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் போதும், அதற்குப் பெயர் வேண்டாம்.

ஒன்றை எழுதாமல் விட மனம் வரவில்லை. காலை ஆறு மணிக்கு மண்டி வாசலில் ஆள் எடுப்பார்கள். மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கத்துவார், உள்ளேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போகவேண்டும். "மசோசி!" என்று அவர் கத்தும்போது, இன்றுவரைக்கும் ஒருநாள் தவறாமல், நான் முதலில் ரோட்டைத் திரும்பிப் பார்க்கிறேன், நீ வந்துவிட்டாயோ என்று. அவர் இரண்டாம் முறை கத்திய பிறகுதான் கையைத் தூக்குகிறேன்.

அக்கா